உறை பிரிக்கும் உரிமை

சார்லஸ் டார்வின் எழுதியவையும் அவருக்கு எழுதப்பட்டவையுமாக 15,000 கடிதங்களுக்கு மேல் இன்று வாசிக்கக் கிடைக்கின்றன. 1974இல் ஃபிரெடரிக் பர்க்ஹார்ட் தொடங்கிய பதிப்புப் பணி 1985இல் முதல் தொகுதியை வெளியிட்டு, 2023இல் 30ஆம் தொகுதியோடு நிறைவுபெற்றது. டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். இவ்வளவு பெரிய குவியலை வாசகர்கள் பெரும்பாலும் ஒரே ஆசையோடுதான் புரட்டுகிறார்கள்: புத்தகத்தில் விறைப்பாக நிற்கும் மனிதர் கடிதத்தில் வீட்டு உடையில் அகப்பட்டுவிடுவார் என்ற ஆசை. அது வீண்போவதும் இல்லை. வயிற்றுக் கோளாறு, குழந்தைகளின் காய்ச்சல், சக ஆய்வாளர்களைப் பற்றிய நக்கல் எல்லாம் அங்கே தாராளமாக உண்டு. ஆனால் அப்படி வாசிக்கும்போது, கடிதம் அந்தரங்கமானது, புத்தகம் பொதுவானது என்று ஒரு பிரிவினையை யோசிக்காமலே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். விக்டோரியா கால இயற்கையியலாளர்களிடையே அந்தப் பிரிவினை தானாக அமைந்திருக்கவில்லை. எது நண்பர்களுக்குள் இருக்கவேண்டும், எது எப்போது சபைக்கு வரவேண்டும் என்பதைச் சிலர் தீர்மானித்தார்கள். மற்றவர்கள் அந்தத் தீர்மானத்தைப் பிறகு தெரிந்துகொண்டார்கள். அக்கால அறிவியலின் பெருந்தன்மையும் அநீதியும் சேர்ந்தே பிறந்த இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

முதலில், கடிதம் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று பார்க்கவேண்டும். பிரிட்டனில் 1840க்கு முன் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெறுபவரே செலுத்துவது வழக்கம். ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தம் வந்தபின், அரை அவுன்ஸ் எடை வரை, நாட்டுக்குள் எங்கே போனாலும் ஒரு பென்னி என்றாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1842இல், டார்வின் லண்டனை விட்டுக் கென்ட் மாவட்டத்துக் கிராமமான டவுனில் குடியேறினார். பிறகு வாழ்நாள் முழுக்க வீட்டைவிட்டு அதிகம் நகராத ஒருவர் உலகம் முழுவதிலிருந்தும் தரவு திரட்ட முடிந்தது தபாலால்தான். புறா வளர்ப்பவர்கள், தோட்டக்காரர்கள், பாதிரியார்கள், காலனி அதிகாரிகள், அருங்காட்சியகக் காப்பாளர்கள் என்று யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்திலிருந்து எட்வர்ட் பிளைத் வீட்டு விலங்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். மதராஸ் அரசின் உயர் அதிகாரியான வால்டர் எலியட்டிடம் 1856 ஜனவரியில் டார்வின் புறா, கோழித் தோல்கள் கேட்டு எழுதினார். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்து மதராஸுக்குக் கொண்டுவந்த அதே எலியட்தான். அவர் அனுப்பிய தோல்களுக்கான நன்றி 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. உணர்ச்சிகளை முகம் எப்படிக் காட்டுகிறது என்று அறிய 1867இல் அச்சடித்த கேள்விப் பட்டியலையே சுற்றுக்கு விட்டார். 36 பேர் பதில் எழுதினார்கள். இலங்கையிலிருந்து எழுதிய பாதிரியார் கிளெனியும் அவர்களுள் ஒருவர். பதில்கள் வந்ததும் டார்வின் செய்தது இன்னும் சுவையானது. பல கடிதங்களைக் கத்தரிக்கோலால் துண்டாடி, பொருள்வாரியாகப் பிரித்து, அந்தந்த உறையில் போட்டுவைத்தார். ஒரே கடிதத்தின் ஒரு துண்டு புறாவோடும் இன்னொரு துண்டு குதிரையோடும் போய்ச் சேர்ந்தது. கடிதத்தை ஒரு மனிதரின் குரலாக மட்டும் கருதுபவர் இதைச் செய்யமாட்டார். அது அவருக்குக் கச்சாப் பொருளும்கூட.

கச்சாப் பொருள் என்றதும் அதை விளைவித்தவர் யார் என்ற கேள்வி எழுவது நியாயம். எலியட்டின் பெயர் நூலில் வந்துவிட்டது. மதராஸில் அந்தப் புறாக்களை வளர்த்தவர், பிடித்துக் கொடுத்தவர், தோலுரித்துப் பதப்படுத்தியவர் யாருடைய பெயரும் வரவில்லை. இது டார்வினின் கஞ்சத்தனம் அல்ல. அவர் தனக்குக் கடிதம் எழுதியவருக்கு நன்றி சொல்லும் வழக்கத்தைப் பெரும்பாலும் கடைப்பிடித்தவர். நன்றியின் எல்லையைக் கடிதத்தின் எல்லையே வகுத்துவிட்டது. மலாய்த் தீவுக்கூட்டத்தில் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸுக்கு ஆண்டுக்கணக்கில் பறவைகள் சேகரித்துத் தந்த அலி என்ற சரவாக் இளைஞரை நாம் அறிவது, வாலஸ் அவரைப் பற்றி எழுதியதால். அலி தானே எழுதிய கடிதம் எந்தத் தொகுதியிலும் இல்லை. ஆகவே கடிதக் குவியல் எவ்வளவு பெரிதானாலும் அதை அக்கால இயற்கையியலின் முழு மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் என் வாதம் இந்த வெளிவட்டத்தைப் பற்றியதல்ல. எழுதத் தெரிந்தவர்கள், அஞ்சல் தலைக்குக் காசுள்ளவர்கள், ஒருவரையொருவர் அன்போடு விளித்தவர்கள், இவர்களுக்குள்ளேயே அந்தரங்கத்தின் சாவி ஒரே கையில் இருக்கவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது.

டார்வினே ஒருமுறை சாவியில்லாத பக்கம் நின்றிருக்கிறார். விக்டோரியா அரியணை ஏறுவதற்குச் சற்று முந்தைய சம்பவம்தான், ஆனாலும் பழக்கம் ஒன்றே. பீகிள் கப்பலில் இருந்தபடி அவர் தன் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்கு எழுதிய கடிதங்களின் பகுதிகளை, 1835 நவம்பரில் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தில் ஹென்ஸ்லோ வாசித்தார். சிறு பிரசுரமாகவும் அச்சிட்டு உறுப்பினர்களுக்குள் வழங்கினார்கள். எழுதியவர் உலகின் மறுபக்கத்தில் இருந்தார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவசரத்தில், திருத்தாமல், ஆசிரியரை நம்பி எழுதிய வரிகள் அச்சேறிவிட்டன என்று தெரிந்தபோது டார்வினுக்குச் சங்கடம் ஏற்பட்டது இயல்பே. ஆனால் விளைவு அவருக்குச் சாதகமாக இருந்தது. 1836இல் கரையிறங்கியபோது லண்டனின் புவியியலாளர்கள் அவரை அறிந்திருந்தார்கள். ஆசிரியர் செய்த மீறல் மாணவரின் பெயரை நிலைநாட்டியது. இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. கடிதத்தைப் பொதுவாக்கும் முடிவு எழுதியவரிடம் இல்லை, பெற்றவரிடம், அதிலும் சபையில் இடமுள்ள பெற்றவரிடம் இருந்தது. அந்த முடிவு நன்மையாக முடியும்போது யாரும் அதை மீறல் என்று சொல்வதில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் டார்வின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டார். 1844 ஜனவரியில் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற தன் முடிவைச் சொல்லவந்தவர், அப்படிச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டார். இந்த இடத்தை எடுத்துக்காட்டாத டார்வின் வரலாறு அநேகமாக இல்லை. அதில் தெரியும் நடுக்கத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நடுக்கம் உண்மையானதுதான். கூடவே அங்கு நடப்பது, அச்சில் பொறுப்பேற்கத் தயாராக இல்லாத ஒரு கருத்துக்குச் சாட்சி ஒருவரை ஏற்படுத்திக்கொள்வது. கருத்து வெளியே போகாது. ஆனால் இருந்ததற்கு அத்தாட்சி இருக்கும். 1857 செப்டம்பரில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்குத் தன் கோட்பாட்டின் சுருக்கத்தை எழுதி அனுப்பியபோது, இதைப் பற்றி வெளியே பேசவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம் வாலஸுக்கு எழுதிய கடிதம் இன்னும் நுட்பமானது. இனங்கள் எப்படி வேறுபடுகின்றன என்ற கேள்வியில் தன் முதல் குறிப்பேட்டைத் திறந்து இந்தக் கோடையோடு 20 ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் சொன்னார். டிசம்பரில், நான் உங்களைவிட வெகுதூரம் போகிறேன் என்றும் எழுதினார். என்ன கோட்பாடு என்று இரண்டிலும் சொல்லவில்லை. மூத்தவர் ஒருவர் இளையவரை ஊக்குவிக்கும் கடிதங்கள் இவை என்று வாசிக்கலாம், வாலஸ் அப்படித்தான் வாசித்தார் என்று தோன்றுகிறது. நிலத்துக்கு வேலி போட்ட கடிதங்கள் என்றும் வாசிக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன். ஊக்கமும் வேலியும் ஒரே வரியில் இருக்கமுடிவது கடிதத்துக்கே உரிய வசதி.

அந்த ஊக்கத்தின் விளைவாகத்தான் வாலஸ் 1858 பிப்ரவரித் தேதியிட்ட கட்டுரையை டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார். தகுதியானது என்று பட்டால் புவியியலாளர் லயலிடம் காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஜூன் 18 அன்று டார்வின் அதை லயலுக்கு அனுப்பியபோது, வாலஸ் இதை வெளியிடும்படி என்னிடம் கேட்கவில்லை என்று நேர்மையாகக் குறிப்பிட்டார். தன் முதன்மை பறிபோய்விட்டது என்றும் சொன்னார். ஒரு வாரம் கழித்து, கீழ்த்தரமாக நடந்துகொண்டவன் என்று பெயரெடுப்பதைவிடத் தன் புத்தகத்தையே எரித்துவிடுவேன் என்று எழுதினார். அந்த நாட்களில் வீட்டில் செங்காய்ச்சல். ஜூன் 28 அன்று அவருடைய கைக்குழந்தை இறந்தது. முடிவை லயலிடமும் ஹூக்கரிடமும் விட்டுவிட்டார். ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் மூன்று ஆவணங்கள் வாசிக்கப்பட்டன: டார்வினின் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியிலிருந்து ஒரு பகுதி, ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தின் சுருக்கம், கடைசியில் வாலஸின் கட்டுரை. வரிசையைக் கவனிக்கவேண்டும். வெளியே பேசவேண்டாம் என்று எழுதப்பட்ட ஓர் அந்தரங்கக் கடிதம், தேதியிட்ட பத்திரமாகச் சபையில் வைக்கப்பட்டது. அதன் அந்தரங்கத்தை நீக்கும் உரிமை எழுதியவருக்கும் நண்பர்களுக்கும் இருந்தது. வெளியிடுமாறு கேட்காமல் அனுப்பப்பட்ட இன்னொன்றும் சபைக்கு வந்தது; அதை எழுதியவர் பதில் கடிதம் எட்டச் சில மாதங்களாகும் தொலைவில் இருந்தார். 1835இல் டார்வினுக்கு நடந்ததும் 1858இல் வாலஸுக்கு நடந்ததும் செயல்முறையில் ஒன்றுதான். வேறுபாடு, முதல் சம்பவத்தில் பெற்றவருக்கு அந்தப் பொருளில் போட்டி இல்லை.

இதற்கு உடனே வரும் மறுப்பு வலுவானது. வாலஸ் வருத்தப்படவில்லை. அக்டோபரில் செய்தி கிடைத்ததும் ஹூக்கருக்கு நன்றி எழுதினார். டார்வின் தன் பெருந்தன்மையால் என் கட்டுரையை மட்டும் வெளியிட்டிருந்தால் எனக்கு வேதனையாக இருந்திருக்கும் என்றார். இங்கிலாந்தின் தலைசிறந்த இயற்கையியலாளர்கள் இருவர் தனக்குக் கடிதம் எழுதியதைத் தாயாரிடம் பெருமையோடு சொன்னார். பிற்காலத்தில் இயற்கைத் தேர்வு பற்றிய தன் நூலுக்கே 'டார்வினியம்' என்று பெயர் வைத்தவர் அவர். பாதிக்கப்பட்டவரே குறைசொல்லாதபோது நாம் வழக்காடலாமா? ஆனால் நான் இங்கே வாலஸ் சார்பில் இழப்பீடு கோரவில்லை. அவருடைய மகிழ்ச்சி உண்மையானது. அந்த மகிழ்ச்சியின் காரணத்தையும் அவரே தாயாரிடம் சொல்லியிருக்கிறார்: ஊர் திரும்பினால் அந்தப் பெரியவர்களின் அறிமுகம் உறுதி. மாதிரிகளை விற்றுப் பிழைத்த ஒரு சேகரிப்பாளருக்கு அது சாதாரண விஷயமில்லை. அவர் மனநிறைவு கொண்டதாலேயே ஏற்பாடு சமமானது என்று ஆகிவிடாது. சமமில்லாத ஏற்பாடுகள் நீடிப்பதே பெரும்பாலும் இருபக்கமும் அதில் ஏதோ ஆதாயம் காண்பதால்தான். அனுமதி முன்னால் கேட்கப்பட்டதா, சம்மதம் பின்னால் கிடைத்ததா என்பதே கேள்வி.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு, நான் சொல்வது போதாது என்கிறது. வாலஸின் கடிதம் முன்பே வந்துவிட்டது, டார்வின் அதை மறைத்துவைத்துத் தன் கோட்பாட்டைச் செப்பனிட்டார் என்று ஒரு கட்சி நெடுநாளாக வாதிடுகிறது. அவர்களுக்கு ஆதாரம், வாலஸ் இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸின் சகோதரருக்கு எழுதிய வேறொரு கடிதம். அதன் உறையில் 1858 ஜூன் 3 தேதியிட்ட லெஸ்டர் நகரத்துத் தபால் முத்திரை இருக்கிறது. இரண்டும் ஒரே கப்பலில் வந்திருந்தால் டார்வினுக்கும் அதே நாளில் கிடைத்திருக்கவேண்டும். 2012இல் ஜான் வான் வைய்யும் கீஸ் ரூக்மேக்கரும் டச்சு நீராவிக் கப்பல்களின் கால அட்டவணையைத் தேடியெடுத்து, அடுத்த மாதக் கப்பலில் ஏறிய கடிதம் ஜூன் 18 அன்று டவுன் கிராமத்தை எட்டுவது பொருந்துகிறது என்று காட்டினார்கள். வழக்கு தீர்ந்ததென்று எல்லோரும் ஏற்கவில்லை. வாலஸின் மூலக் கடிதமும் கையெழுத்துப் படியும் இல்லாமல்போனது சந்தேகத்தை வளர்க்கிறது. ஆனால் டார்வினின் மகன் ஃபிரான்சிஸ் சொல்லும் சிறு தகவல் ஒன்றை இங்கே மறக்கக்கூடாது. டார்வின் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்திவைப்பார். கைவசமிருந்த சில கம்பிகளும் நிறைந்துவிட்டால் பல ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிடுவார். 1862க்கு முன் அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. அவர் எழுதியவற்றை மற்றவர்கள் பத்திரப்படுத்தினார்கள். ஆகவே நம் கையிலிருக்கும் உரையாடல் அந்த முக்கியமான ஆண்டுகளில் ஏறக்குறைய ஒருதலையானது. இதில் சதி தேவையே இல்லை. எந்தக் கடிதம் பாதுகாக்கத் தக்கது என்பதைக்கூட அந்தஸ்துதான் முடிவுசெய்தது, கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே.

என் வாதத்துக்கு மிகவும் சங்கடம் தரக்கூடிய ஆள் ஜான் ஸ்காட். எடின்பரோ தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரராக இருந்த இவர் 1862 நவம்பரில், ஆர்க்கிட் பூக்களைப் பற்றிய டார்வினின் புதிய நூலில் ஒரு பிழையைச் சுட்டிக் கடிதம் எழுதினார். அறிமுகம் இல்லை, பட்டம் இல்லை. அஞ்சல் தலை மட்டும் இருந்தது. டார்வின் பிழையை ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. சோதனைகள் செய்யத் தூண்டினார், முடிவுகளை ஸ்காட்டின் பெயரிலேயே எழுதவைத்து லின்னேயன் சங்கத்துக்குக் கொண்டுபோனார், எடின்பரோவில் ஸ்காட் வேலையை விட்டபோது இந்தியாவுக்கு அனுப்ப உதவினார், ஹூக்கரின் சிபாரிசைப் பெற்றுத் தந்தார். ஸ்காட் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் காப்பாளரானார். கடிதம் வர்க்கத்தைத் தாண்டியது, ஒரு பென்னிக்குக் கதவு திறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். உள்ளே நுழைய யாருக்கும் தடையில்லை என்பதே அந்த அமைப்பின் மேன்மை. ஆனால் நுழைந்த ஒன்று எந்த வழியாக, யாருடைய பெயரில் வெளியேறும் என்பது டவுன் வீட்டு மேசையில்தான் முடிவானது. ஸ்காட்டின் விஷயத்தில் அந்த முடிவு அழகானது. நூலாசிரியர் அன்பானவராக இருந்ததால் அப்படி அமைந்தது. அமைப்பு அப்படி அமையவேண்டும் என்று வற்புறுத்தவில்லை. லிடியா பெக்கரையும் மேரி ட்ரீட்டையும் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. தாவர மாதிரிகளை அனுப்பிய பெக்கர் 1867இல் மான்செஸ்டரில் பெண்களுக்கான சங்கம் தொடங்கியபோது அங்கே வாசிப்பதற்கு டார்வின் கட்டுரைகள் அனுப்பிவைத்தார். பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி நியூஜெர்சியிலிருந்து ட்ரீட் எழுதிய அவதானிப்புகளை 1875இல் தன் நூலில் பெயரோடு எடுத்தாண்டார். கடிதத்தில் அவர்கள் சக ஆய்வாளர்கள். 1871இல் வந்த 'மனிதனின் வழித்தோன்றல்' நூலிலோ, அறிவுத்திறனில் ஆண் பெண்ணைவிட உயர்ந்தவன் என்று எழுதியவரும் இதே மனிதர்தான். அந்தரங்கமான சமத்துவத்தைப் பொதுவில் கொண்டுவரவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

கடிதங்கள் எல்லாமே ஒருவகை நடிப்பு, எழுதுபவர் பெறுபவருக்கேற்ப முகம் மாற்றுகிறார், அதனால் சான்றாகத் தகுதியற்றவை என்று சொல்வோரும் உண்டு. டார்வின் உதவி கேட்கும்போது குழையும் குழைவைப் பார்த்தால் இதை மறுக்கமுடியாது. எனினும் நடிப்பே இங்கே சான்று. யாரிடம் குழைகிறார், யாரிடம் வெறுமனே பட்டியல் போட்டுக் கேட்கிறார் என்பது அவர்களுக்கிடையிலிருந்த உயரத்தை அளந்துகாட்டுகிறது. இறந்தவர்களின் கடிதத்தைப் படிப்பது அத்துமீறல் என்ற மறுப்பும் உண்டு. 1887இல் ஃபிரான்சிஸ் வெளியிட்ட வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய மூன்று தொகுதிகளில் குடும்பத்தின் மனம் நோகாதபடி பலவும் விடப்பட்டன. கூடவே வந்த தன்வரலாற்றில் மதம் பற்றிய பகுதிகள் வெட்டப்பட்டு, 1958இல்தான் பேத்தி நோரா பார்லோவால் மீட்கப்பட்டன. குடும்பத்தின் கூச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் எழுதியவர்கள் காலத்திலேயே நண்பர்களுக்குள் கைமாறி, சபையில் வாசிக்கப்பட்டு, கத்தரிக்கப்பட்டு, நூலில் சேர்க்கப்பட்ட காகிதங்களுக்கு முழு அந்தரங்கம் கோருவது, அவர்களே கடைப்பிடிக்காத ஒழுக்கத்தை நம்மிடம் எதிர்பார்ப்பதாகும். இதற்குமேல் அந்த மறுப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

இந்த அமைப்பு நன்மை செய்தபோதும் அதே வழியில்தான் செய்தது. 1879 முடியும் தறுவாயில் வாலஸ் நிலையான வருமானமின்றிச் சிரமப்பட்டார். எழுத்தாளர் அராபெல்லா பக்லி அதை டார்வினுக்கு எழுதினார். அரசு ஓய்வூதியத்துக்கு முயலலாமா என்று டார்வின் ஹூக்கரைக் கேட்டார். ஹூக்கர் மறுத்தார்: வாலஸ் ஆவிகளோடு பேசுவதை நம்புகிறவர்; பூமி தட்டை என்ற ஒருவரோடு பந்தயம் கட்டிப் பணமும் ஏற்றவர்; விஞ்ஞானிகளிடையே மதிப்பிழந்துவிட்டார். பொதுவில் ஒருபோதும் சொல்லமுடியாத தீர்ப்பு அது, கடிதத்தில் நிதானமாகச் சொல்லப்பட்டது. டார்வின் விஷயத்தைக் கைவிட்டார். 1880இல் வாலஸின் 'தீவு வாழ்க்கை' வெளிவந்தது. அதை அவர் ஹூக்கருக்குச் சமர்ப்பித்திருந்தார். நூலை வாசித்த ஹூக்கர் மனம் மாறினார். டார்வினும் உயிரியலாளர் ஹக்ஸ்லியும் விண்ணப்பம் தயாரித்தார்கள், கையெழுத்துகள் திரட்டப்பட்டன, பிரதமர் கிளாட்ஸ்டன் ஆண்டுக்கு 200 பவுண்டு வழங்க இசைந்தார். அந்த ஓராண்டுக் கடிதங்களில் பேசப்பட்டவர் வாலஸ், பேசியவர்கள் மற்றவர்கள். முடிவை அறிவித்து டார்வின் எழுதிய கடிதம் 1881 ஜனவரியில், வாலஸின் 58ஆவது பிறந்தநாளன்று அவர் கைக்கு வந்தது. அவர் நன்றி தெரிவித்து, இத்தனை பெரியவர்கள் தன் எளிய பணியைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது என்று பதில் எழுதினார்.